அத்தை வீட்டுக் கணினியில் உரிம எச்சரிக்கை: எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

நீலகிரிப் படகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கோ கோடை விடுமுறைக்கோ கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஊருக்கு வருகிற இளைஞர்களுக்கு வீட்டில் ஒரு வேலை காத்திருக்கும். "இதைக் கொஞ்சம் பாரேன்பா, மூலையில் என்னவோ எழுத்து வந்துகொண்டே இருக்கிறது" என்று அத்தை கணினியைக் காட்டுவார். திரையின் வலது கீழ் மூலையில் விண்டோஸை ஆக்டிவேட் செய்யச் சொல்லும் சாம்பல் நிற வரிகள். சில வீடுகளில் வேர்டைத் திறந்தால் தலைப்பில் சிவப்புப் பட்டை.

அதன்பின் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். புது உரிமம் வாங்கிவிடு என்பார் ஒருவர். இணையத்தில் ஐந்நூறு ரூபாய்க்கு உரிமச் சாவி கிடைக்கிறது என்பார் இன்னொருவர். டவுனில் கடைக்காரரிடம் கொடுத்தால் பத்து நிமிடத்தில் 'லைஃப்டைம்' போட்டுத் தருவார் என்பார் பக்கத்து வீட்டுக்காரர். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடு என்று கல்லூரி நண்பர் தொலைபேசியில் சொல்வார். எதைச் செய்வது என்று குழம்பிக் கேட்பவர்களுக்காக இந்த ஒப்பீடு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கணினியோடு வந்த உரிமம் எது என்று கண்டுபிடிக்கும்வரை ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம். அதன்பின் எந்த வழியில் போனாலும், நீங்கள் மலையிறங்கிய பிறகு அந்தக் கணினியோடு தனியாக இருக்கப்போவது அத்தைதான் என்பதை வைத்து முடிவெடுங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் பாதுகாப்பு. வங்கிக் கணக்கு, ஓய்வூதியம், மின்கட்டணம் எல்லாம் அந்தத் திரையில்தான் நடக்கின்றன என்றால், பாதுகாப்பு அப்டேட் தடையின்றி வருகிறதா என்பதே பெரிய கேள்வி. மூலையில் தெரியும் எழுத்து அதற்கு அடுத்த பிரச்சினைதான்.

இரண்டாவது, அவர் செய்யும் வேலை மாற்றத்துக்குப் பிறகும் நடக்குமா என்பது. பழைய பாமினி எழுத்துருவில் அடித்த கோப்புகள், பத்து வருடமாக உழைக்கும் லேசர் பிரின்டர், டேலி கணக்கு ஆகிய மூன்றும்தான் பெரும்பாலான வீடுகளில் இடைஞ்சல் தருபவை.

மூன்றாவது செலவு. இதில் பயணத்தையும் சேர்க்க வேண்டும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 33 கிலோமீட்டர், அங்கிருந்து கோவை ஏறக்குறைய அதே தூரம். ஒரு சிபியுவைத் தூக்கிக்கொண்டு போய், விட்டுவிட்டு வந்து, திரும்பப் போய் எடுத்துவர ஆகும் பஸ் கட்டணமும் இரண்டு நாள் உழைப்பும் கடைக்காரரின் பில்லில் இருக்காது.

நான்காவது, நீங்கள் ஊரில் இல்லாதபோது சிக்கல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்பது. ஐந்தாவது சட்டம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 63பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்தினால் குறைந்தது ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். வணிக ஆதாயத்துக்காக அல்லாத பயன்பாடு என்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து, 50,000 ரூபாய்க்குள் அபராதத்தோடு விடலாம். வீட்டிலேயே சாக்லேட் செய்து ஊட்டி கடைகளுக்குக் கொடுக்கிறவரும், இரண்டு அறையைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறவரும் அந்தக் கணினியில்தான் பில் போடுகிறார் என்றால், அது வெறும் வீட்டுக் கணினி என்று சொல்லித் தப்ப முடியாது.

## வந்திருப்பது எந்த எச்சரிக்கை

எல்லாமே 'லைசென்ஸ் போய்விட்டது' என்ற ஒரே பேச்சாக உங்கள் காதுக்கு வரும். உண்மையில் இவை வெவ்வேறு.

தொலைபேசி எண்ணோடு, சத்தம் போட்டுக்கொண்டு, திரை முழுவதும் நிறையும் எச்சரிக்கை மோசடி. மைக்ரோசாப்ட் தன் எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண் தருவதே கிடையாது. பிரவுசரை மூடி, அதன் செட்டிங்ஸில் அறிவிப்பு அனுப்ப அனுமதி பெற்றிருக்கும் தெரியாத தளங்களை நீக்கினால் போய்விடும். அத்தை ஏற்கனவே அந்த எண்ணுக்குப் பேசிப் பணமும் கட்டிவிட்டார் என்றால், வேறு எதையும் செய்யும் முன் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

ஆன்டிவைரஸ் காலாவதி என்ற செய்தி பெரும்பாலும் மடிக்கணினியோடு வந்த சோதனைப் பிரதியுடையது. அதை நீக்கிவிட்டால் விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் தானாகவே வேலையை ஏற்றுக்கொள்ளும்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது என்ற அறிவிப்பும் உரிமப் பிரச்சினை அல்ல. அந்த ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டை நீட்டித்துத் தரும் திட்டம் அறிவிக்கப்பட்டது. மைக்ரோசாப்ட் கணக்கில் உள்நுழைந்து செட்டிங்ஸை அதோடு இணைத்து வைத்தால் கட்டணம் இல்லாமலே அதில் சேரலாம் என்பதும் அத்திட்டத்தில் உண்டு.

இவற்றைத் தள்ளிவிட்டால் மிஞ்சுவதுதான் உண்மையான ஆக்டிவேஷன் எச்சரிக்கை. அதற்கும் முன்னால் கடிகாரத்தைப் பாருங்கள். மாதக்கணக்கில் சுவிட்ச் போடாமல் வைத்திருக்கும் பழைய மேசைக் கணினிகளில் மதர்போர்டு பேட்டரி செத்து, தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். தேதி தவறானால் உரிமத்தைச் சரிபார்க்கும் சர்வரோடு கணினியால் பாதுகாப்பான தொடர்பு ஏற்படுத்த முடியாது. பிரவுசரும் தளங்களைத் திறக்க மறுக்கும். மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பக்கவாட்டு மூடியைக் கழற்றினால், ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் தடித்துத் தட்டையாகத் தெரியும் பேட்டரி அதுதான். மேல்பக்கத்திலேயே சி.ஆர்.2032 என்று பொறித்திருக்கும். ஓரத்திலுள்ள சிறு கொக்கியை விலக்கினால் எம்பி வரும். புதியதைக் கூட்டல் குறி மேலே தெரியும்படி வைத்து, தேதியைத் திருத்தி, இணையத்தை இணைத்துப் பாருங்கள். இதோடு தீர்ந்துபோகும் வீடுகளும் உண்டு.

அடுத்து உரிமத்தின் வகை. விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சிறு பெட்டி திறக்கும். அதில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து எழுத்துகளைச் சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடும் அதை ஒட்டி டி, எல், ஐ என்ற மூன்று எழுத்துகளும் அடித்து என்டர் தட்டுங்கள். சில நொடிகளில் ஒரு செய்திப் பெட்டி வரும். அதன் விவரணை வரியில் ஓ.இ.எம். என்றிருந்தால் உரிமம் கணினித் தயாரிப்பாளரோடு வந்தது. ரீட்டெயில் என்றிருந்தால் தனியாக வாங்கியது அல்லது டிஜிட்டல் உரிமம். வால்யூம் என்றிருந்தால் அது நிறுவனங்களுக்கு மொத்தமாகத் தரப்படும் வகை. ஒரு வீட்டுக் கணினியில் அது இருப்பதற்குக் காரணமே இல்லை.

'உங்கள் உரிமம் விரைவில் முடியப்போகிறது' என்று சில கணினிகள் சொல்லும். வீட்டுப் பயனருக்கான விண்டோஸ் உரிமத்துக்கு முடியும் தேதி கிடையாது. கே.எம்.எஸ். என்ற நிறுவன முறையில் மட்டும்தான் ஆக்டிவேஷன் 180 நாள் நிற்கும், அலுவலகச் சர்வரைத் தொட்டுத் தொட்டுப் புதுப்பித்துக்கொள்ளும். அந்த வரி அத்தை வீட்டில் தெரிந்தால், யாரோ ஒருவர் போலிச் சர்வரை நிறுவி ஏமாற்றியிருக்கிறார் என்று கொள்ளலாம்.

## வழி 1: கணினியோடு வந்த உரிமத்தை மீட்பது

பெரும்பாலானோர் தாண்டிப்போய்விடும் வழி இது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து பெயர்பெற்ற நிறுவனங்களின் மடிக்கணினிகளில் உரிமச் சாவி மதர்போர்டிலேயே பதிந்து வருகிறது. அதற்கு முந்தையவற்றில் அடிப்பக்க ஸ்டிக்கரில் 25 எழுத்துச் சாவி அச்சிட்டிருக்கும், பல இடங்களில் தேய்ந்து போயிருக்கும்.

பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான். மடிக்கணினி விண்டோஸ் ஹோம் உரிமத்தோடு வந்தது. இடையில் ஒருமுறை மெதுவாகிவிட்டது என்று ஃபார்மட் செய்யக் கொடுத்தார்கள். கடையில் கையிலிருந்த புரோ பதிப்பை எல்லாருக்கும் போடுவதுபோல் இதற்கும் போட்டு, கள்ள ஆக்டிவேஷனால் மூடினார்கள். அது காலாவதியாகி இப்போது எச்சரிக்கை வருகிறது. ஆனால் அத்தை காசு கொடுத்து வாங்கிய ஹோம் உரிமம் மதர்போர்டில் அப்படியே தூங்குகிறது.

மீட்பது எளிது. மைக்ரோசாப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூல் வழியாக 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் நிறுவியைத் தயார் செய்யுங்கள். அதைக் கொண்டு புதிதாக நிறுவினால், மதர்போர்டிலுள்ள சாவியைத் தானே படித்து ஹோம் பதிப்பைத் தேர்ந்து, இணையம் கிடைத்ததும் ஆக்டிவேட் ஆகிவிடும். புரோவிலிருந்து ஹோமுக்குக் கோப்புகளோடு இறங்கிவர வழியில்லை. முழுதாக அழித்துத்தான் நிறுவ வேண்டும். எனவே புகைப்படங்கள், ஆவணங்களோடு சேர்த்து எழுத்துருக்களையும் வேறொரு டிரைவில் நகலெடுங்கள். பேரன் பேத்தி படங்களை எல்லாரும் மறக்காமல் எடுத்துவிடுவார்கள். பாமினி எழுத்துருவை விட்டுவிடுவார்கள். அத்தை ஆசிரியையாக இருந்தபோது தயாரித்த வினாத்தாள்கள் மறுநாள் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும்.

மறைமுகச் செலவு தரவிறக்கம். நிறுவி பல ஜிபி வரும். ஒரு நாளைக்கு ஒன்றரை, இரண்டு ஜிபி என்று அளந்து தரும் மொபைல் ஹாட்ஸ்பாட்டில், மழையில் சிக்னல் வந்து வந்து போகும் இடத்தில் அது நடக்காது. சென்னையிலோ திருப்பூரிலோ இருக்கும்போதே பென்டிரைவைத் தயார் செய்து எடுத்து வாருங்கள்.

இந்த வழி மூன்று இடங்களில் அடைபடும். அசெம்பிள் செய்த மேசைக் கணினியில் பெரும்பாலும் உரிமமே இருந்திருக்காது. விண்டோஸ் 7, 8 சாவிகளைக் கொண்டு புதிய பதிப்புகளை ஆக்டிவேட் செய்யும் வசதியை மைக்ரோசாப்ட் 2023 செப்டம்பரில் நிறுத்திவிட்டது. ஆனால் அந்தக் கணினி முன்பே ஒருமுறை முறைப்படி விண்டோஸ் 10க்கு உயர்த்தப்பட்டிருந்தால் அதன் பதிவு சர்வரில் இருக்கும், முயன்று பார்க்கலாம். மூன்றாவது இடி. ஏப்ரல், மே கோடை மழையிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் இந்தக் கிழக்குச் சரிவில் மின்னல் இறங்கி மதர்போர்டு போவது சாதாரணமாக நடக்கிறது. வேறு மதர்போர்டு போட்டுவிட்டால் ஓ.இ.எம். உரிமமும் பழையதோடு போய்விடும். உத்தரவாதக் காலத்தில் தயாரிப்பாளரே மாற்றித் தந்தால் மட்டும் விதிவிலக்கு, புது உரிமம் வாங்க வேண்டியதில்லை. தனியாக வாங்கிய உரிமம் என்றால் பிழைக்கும். பிழை எண் எஃப்211 என்று முடிந்தால் வன்பொருள் மாறியதுதான் காரணம். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்திலுள்ள டிரபிள்ஷூட்டரைத் திறந்து, அண்மையில் வன்பொருளை மாற்றியதாகச் சொல்லி, முன்பே இணைத்து வைத்த மைக்ரோசாப்ட் கணக்கில் உள்நுழைந்தால் உரிமத்தைப் புதிய பலகைக்கு மாற்றிக்கொள்ளலாம். அந்தக் கணக்கு இணைப்பை கணினி நன்றாக இருக்கும்போதே செய்திருக்க வேண்டும்.

## வழி 2: புது உரிமம் வாங்குவது

மைக்ரோசாப்ட் தளத்தில் விண்டோஸ் 11 ஹோம் பத்தாயிரம் ரூபாயை ஒட்டி வரும். புரோ இன்னும் கூடுதல், ஆனால் வீட்டுக்கு அது தேவையே இல்லை. பில்லோடு வரும், அத்தையின் கணக்கில் பதியும், நாளை வேறு கணினிக்கு மாற்றிக்கொள்ளவும் முடியும். ஜி.எஸ்.டி. பதிவு உள்ள சிறுதொழில் என்றால், காம்போசிஷன் திட்டத்தில் இல்லாதவரை, கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். டேலி ஓடும் வீட்டுக்கு நான் தயங்காமல் சொல்வது இதையே.

வாங்கும் முன் ஒன்றைப் பாருங்கள். விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப், செக்யூர் பூட் வசதி, 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பின்னரோ இருக்க வேண்டும். மைக்ரோசாப்டின் பிசி ஹெல்த் செக் என்ற சிறு நிரல் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும். தேறாத கணினிக்குப் பத்தாயிரம் கொடுப்பது வீண்.

ஐந்நூறு ரூபாய்ச் சாவி இந்த வழியின் போலி முகம். இத்தகைய சாவிகளில் பல, ஏதோ ஒரு நிறுவனத்துக்கோ கல்வி நிலையத்துக்கோ தரப்பட்ட மொத்த உரிமத்திலிருந்து சில்லறையாக விற்கப்படுபவை. போட்ட அன்று வேலை செய்யும், செட்டிங்ஸில் பச்சைக் குறியும் வரும். அளவுக்கு மீறிப் பயன்படுவது தெரிந்து சாவி முடக்கப்பட்டதும் சி003 என்று முடியும் பிழையோடு எச்சரிக்கை திரும்பும். விற்றவர் அதற்குள் வேறு பெயரில் கடை விரித்திருப்பார். பணம் ஐந்நூறுதானே என்று தோன்றலாம். அடுத்த எச்சரிக்கை வரும் நாளில் நீங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள் என்பதுதான் அதன் உண்மையான விலை.

## வழி 3: கடையில் 'லைஃப்டைம்' போட்டுக்கொள்வது

இதை ஒரு வழியாகச் சேர்ப்பதற்கே எனக்கு மனமில்லை. ஆனாலும் பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான் என்பதால் சொல்லியாக வேண்டும்.

ஆக்டிவேட்டர் எனப்படும் இந்த நிரல்கள் ஓட வேண்டுமானால் முதலில் டிஃபெண்டரை நிறுத்த வேண்டும், அல்லது ஒரு ஃபோல்டரைச் சோதிக்காதே என்று அதற்குச் சொல்ல வேண்டும். அந்த விலக்கு பிறகும் அப்படியே நிற்கும். நிர்வாகி அதிகாரத்தோடு, ஒவ்வொரு முறை கணினி தொடங்கும்போதும் பின்னணியில் ஓடும் ஒரு வேலையும் பதிந்துவிடும். யார் எழுதியது, வேறு என்ன செய்கிறது என்று போட்டுக் கொடுத்தவருக்கே தெரியாது. கே.எம்.எஸ்.பிகோ என்ற பெயரில் உலவிய போலி நிறுவிகள், பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களைத் திருடும் கிரிப்ட்பாட் என்ற நிரலைச் சுமந்து வந்ததை 2021 டிசம்பரில் ரெட் கேனரி என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது. அத்தை ஓய்வூதியத்தைப் பார்ப்பது அதே பிரவுசரில்தான். வீட்டுக்குப் பூட்டுப் போடத் தெரியாத ஆளிடம் கொத்துச்சாவியைக் கொடுத்துவிட்டு வருவது போன்றது இது.

ஏற்கனவே போட்டிருந்தால், ஆக்டிவேட்டரை மட்டும் அன்இன்ஸ்டால் செய்து திருப்தி அடையாதீர்கள். கோப்புகளை நகலெடுத்து, டிரைவை முழுதாக அழித்து, முதல் வழியிலோ ஐந்தாம் வழியிலோ புதிதாக நிறுவுங்கள். பிறகு வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை வேறொரு சுத்தமான சாதனத்திலிருந்து மாற்றுங்கள். இந்த வழி எந்த வீட்டுக்கும் பொருந்தாது.

## வழி 4: எழுத்தை அப்படியே விட்டுவிடுவது

ஆக்டிவேட் ஆகாத விண்டோஸ் 10, 11 நின்றுவிடாது. மூலையில் எழுத்து நிற்கும், பின்னணிப் படத்தையும் நிறங்களையும் செட்டிங்ஸில் மாற்ற முடியாது, அவ்வப்போது நினைவூட்டும். ஆதரவில் உள்ள பதிப்புக்குப் பாதுகாப்பு அப்டேட் வரத்தான் செய்யும். ஆக்டிவேட்டர் போட்ட கணினியைவிட எழுத்தோடு நிற்கும் கணினி அத்தைக்குப் பாதுகாப்பானது. உரிம ஒப்பந்தப்படி இது சரியான நிலை அல்ல என்பதால் நிரந்தரமாக வைத்துக்கொள்ளச் சொல்லமாட்டேன். அடுத்த விடுமுறை வரை அவகாசம் வாங்க ஏற்றது.

## வழி 5: லினக்ஸுக்கு மாறுவது

அசெம்பிள் கணினி, விண்டோஸ் 11 தேறாத பழைய மடிக்கணினி, டேலி இல்லை, வேலை பிரவுசரும் யூடியூபும் நாலு கடிதமும் என்றால் நான் முதலில் பரிந்துரைப்பது லினக்ஸ் மின்ட். உரிமக் கட்டணம் இல்லை, எச்சரிக்கை வர வாய்ப்பே இல்லை. 2024இல் வந்த 22ஆம் வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. 4 ஜிபி ராம் இருந்தால் நன்றாக ஓடும்.

லினக்ஸ் இந்த ஊர் வீடுகளுக்கு அந்நியமும் அல்ல. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு போஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. அவற்றில் சில இன்னும் அலமாரி மேல்தட்டில் உறையோடு இருக்கின்றன. ராம் குறைவான அவற்றுக்கு மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பைப் போட்டு, ஹார்டுடிஸ்குக்குப் பதில் எஸ்எஸ்டி வைத்தால் கடிதம் அடிக்கவும் மின்கட்டணம் கட்டவும் போதும்.

தமிழ் விஷயத்தில் கவலை வேண்டாம். தமிழ்99 விசைப்பலகை ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரல் வழியாகக் கிடைக்கிறது. யூனிகோடு கோப்புகள் நேரே திறக்கும். பாமினி கோப்புகளுக்கு அந்த எழுத்துருவைப் பயனரின் எழுத்துரு ஃபோல்டரில் போட்டால், லிப்ரே ஆபிஸ் என்ற இலவச ஆபிஸ் தொகுப்பில் பழையபடி தெரியும். வானவில் போன்ற விண்டோஸ் தட்டச்சு மென்பொருளில் மட்டும் பழகிய கைக்குத்தான் சிரமம். அவர் தமிழ்99 பழகத் தயாரா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பிரின்டர்தான் உண்மையான இடறல். நம் ஊரில் வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை இருக்கும் கேனன் எல்பிபி2900 லினக்ஸில் எளிதாக ஒத்துழைக்காது. எச்.பி. லேசர்ஜெட் 1020க்குக் கூடுதலாக ஒரு பிளக்இன் இறக்க வேண்டும், பிறகு ஓடும். வைஃபையோடு வரும் புதிய பிரின்டர்கள் பல டிரைவரே இல்லாமல் சேர்ந்துகொள்ளும். ஆகவே நிறுவும் முன் பென்டிரைவிலிருந்தே மின்ட்டை ஏற்றி, ஹார்டுடிஸ்கைத் தொடாமல், வைஃபை, ஒலி, பிரின்டர் மூன்றையும் சோதித்துப் பாருங்கள். ஒரு பக்கம் அச்சாகி வந்த பிறகு முடிவெடுத்தால் போதும்.

இதன் மறைமுகச் செலவு உங்கள் நேரம். முதல் சில வாரங்கள் அத்தை தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருப்பார். பக்கத்தில் இருக்கும் கடைக்காரருக்கும் லினக்ஸ் தெரியாமல் இருக்கலாம். பொறுமையாகப் பதில் சொல்ல முடியாதவர் இந்த வழியை எடுக்கக் கூடாது. விண்டோஸில் குவிக் அசிஸ்ட் உள்ளேயே இருப்பதுபோல் இங்கும் தொலைவிலிருந்து உதவ ஒரு நிரலை நீங்களே நிறுவிச் சோதித்துவிட்டுக் கிளம்புங்கள்.

கூகுளின் இலவச இயங்குதளமான குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ் பற்றியும் கேட்கிறார்கள். பராமரிப்பு மிகக் குறைவு, ஆனால் பெரும்பாலான வேலைக்கு இணையம் வேண்டும். நிலையான பிராட்பேண்ட் உள்ள ஊட்டி, குன்னூர் டவுன் வீடுகளுக்குச் சரி. காற்று மழையில் நாள்கணக்கில் இணைப்பு போகும் ஹட்டிகளுக்கு, அதாவது படகர் கிராமங்களுக்கு, வேண்டாம்.

## வழி 6: கணினியையே மாற்றுவது

பத்து வருடம் தாண்டிய கணினிக்கு உரிமமும் எஸ்எஸ்டியும் ராமும் வாங்கிப் போட்டால் கூட்டுத்தொகை ஒரு புதுப்பித்த மடிக்கணினியின் விலையைத் தொட்டுவிடும். அலுவலகங்கள் கழித்துவிட்ட எட்டாம் தலைமுறை இன்டெல் மடிக்கணினிகள் புரோ உரிமத்தோடு இருபதாயிரத்தைச் சுற்றிக் கிடைக்கின்றன. பேட்டரி எவ்வளவு தாங்குகிறது, பில் தருகிறார்களா, முன்னே சொன்ன பெட்டியில் ஓ.இ.எம். என்று வருகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். வால்யூம் என்று வந்தால் அது உங்களுக்கு உரிய உரிமம் அல்ல. மின்னலுக்குச் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு உட்காரலாம் என்பது மலையில் மடிக்கணினிக்கு உள்ள கூடுதல் தகுதி.

## ஒரே பார்வையில்

| வழி | கைச்செலவு | பாதுகாப்பு | வேலைப் பொருத்தம் | நீங்கள் இல்லாதபோது |
|---|---|---|---|---|
| பழைய உரிமத்தை மீட்பது | பென்டிரைவ், தரவிறக்கம் | நன்று, பதிப்பு ஆதரவில் இருந்தால் | எல்லாம் ஓடும் | தொல்லை இல்லை |
| புது உரிமம் | பத்தாயிரத்தை ஒட்டி | நன்று | எல்லாம் ஓடும் | தொல்லை இல்லை |
| மலிவுச் சாவி | சில நூறு | ஓரளவு | ஓடும், முடங்கும்வரை | எச்சரிக்கை திரும்பும் |
| ஆக்டிவேட்டர் | சில நூறு | மிக மோசம் | ஓடும் | ஆபத்து தெரியாமல் இருக்கும் |
| அப்படியே விடுவது | இல்லை | ஆதரவில் உள்ளவரை நன்று | ஓடும் | எழுத்து நிற்கும் |
| லினக்ஸ் மின்ட் | இல்லை | நன்று | டேலி இல்லை, பிரின்டரைச் சோதிக்க | முதலில் கேள்விகள், பிறகு அமைதி |
| புதுப்பித்த மடிக்கணினி | இருபதாயிரத்தைச் சுற்றி | நன்று | எல்லாம் ஓடும் | தொல்லை இல்லை |

## சிவப்புப் பட்டை ஆபிஸில் என்றால்

இது தனிக் கணக்கு. விண்டோஸ் உரிமம் சரியாக இருந்தும் ஆபிஸ் கேட்கும், மறுபுறமும் நடக்கும். உரிமம் இல்லாத ஆபிஸில் கோப்பைத் திறந்து பார்க்கலாம், அச்சிடலாம், திருத்த முடியாது.

அண்மை ஆண்டுகளில் வாங்கிய மடிக்கணினி பலவற்றில் ஆபிஸ் ஹோம் அண்டு ஸ்டூடன்ட் சேர்ந்தே வந்தது. அது ஒரு மைக்ரோசாப்ட் கணக்கோடு பிணைந்த உரிமம். விற்ற அன்று அவசரத்தில் கடைக்காரர் தன் சொந்த மின்னஞ்சலையே கொடுத்துப் பதிந்திருந்தால், ஃபார்மட் செய்த மறுகணம் ஆபிஸ் அந்தக் கணக்கைக் கேட்கும். அத்தையிடம் அது இருக்காது. பில்லைத் தேடி எடுத்து, கடைக்குப் போய், எந்தக் கணக்கில் பதிந்தது என்று கேளுங்கள். பணம் கொடுத்து வாங்கிய பொருள் அது, கேட்பதில் கூச்சம் வேண்டாம். இனிமேல் வாங்குவோர் பெட்டியைத் திறக்கும்போதே அத்தையின் பெயரில் கணக்கு தொடங்கிப் பதியுங்கள்.

கிடைக்காவிட்டால், நீங்கள் ஏற்கனவே மைக்ரோசாப்ட் 365 குடும்பத் திட்டத்துக்கு ஆண்டுக் கட்டணம் கட்டுபவரா என்று பாருங்கள். அதில் ஆறு பேர் வரை சேரலாம். குடும்பத்தில் ஒருவராக அத்தையைச் சேர்த்தால் கூடுதலாக ஒரு பைசாவும் ஆகாது. அதுவும் இல்லையென்றால் லிப்ரே ஆபிஸ். பசுந்தேயிலை கொடுத்த கிலோ கணக்கையும் ஆள் கூலியையும் எழுதிவைக்கும் மாமாவின் எக்செல் தாளுக்கு அதன் கால்க் தாராளமாகப் போதும். வெளியே அனுப்பும் கோப்புகள் வேர்டு வடிவிலேயே சேமிக்கப்படும்படி செட்டிங்ஸில் மாற்றி வையுங்கள்.

## எந்த வீட்டுக்கு எது

நிறுவனத் தயாரிப்பு மடிக்கணினி எதுவானாலும் முதல் வழியை முயலாமல் வேறெதற்கும் போகாதீர்கள். டேலியோ வரி தாக்கலுக்கான டிஜிட்டல் கையொப்ப டோக்கனோ இருக்கும் தொழில் வீடு, விண்டோஸ் 11 தேறும் கணினி என்றால் புது உரிமம், தேறாவிட்டால் புதுப்பித்த மடிக்கணினி. ஓய்வு பெற்ற அத்தை, அசெம்பிள் மேசைக் கணினி, பிரின்டர் சோதனையில் தேறிவிட்டது என்றால் மின்ட்.

எல்பிபி2900ஐ விடமாட்டேன், காசும் போடமாட்டேன் என்கிற மாமாக்கள் உண்டு. அவர்களோடு வாதாட வேண்டாம். ஆக்டிவேட்டர் இருந்தால் அழித்துப் புதிதாக நிறுவி, அப்டேட் ஓடவிட்டு, எழுத்தோடே விட்டுவிட்டு வாருங்கள். மின்ட் ஏற்றிய பென்டிரைவ் ஒன்றை மேசை டிராயரில் வைத்து, எந்த விசையை அழுத்தினால் அதிலிருந்து கணினி தொடங்கும் என்பதை ஒரு தாளில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். அவர் ஓய்வாக இருக்கும்போது போட்டுப் பார்க்கட்டும். பிரின்டரை மாற்றும் காலம் வரும்போது மீதியைப் பேசிக்கொள்ளலாம்.